‘ஓட்டை போடுது’ என்று சொன்னால் போதுமா?

நுண்ணுயிர்க்கொல்லி பெப்டைடுகள் பற்றிய அறிமுகக் கட்டுரைகளும் காணொளிகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தவளைத் தோல், தேனீ விஷம், நம்ம வெள்ளையணு என்று ஆரம்பிப்பார்கள். இந்தக் குட்டிப் புரதங்கள் பாக்டீரியாவின் சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்லும் என்பார்கள். சவ்வையே உடைக்கிற மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வரவே வராது என்று முடிப்பார்கள். முதலில் சொல்வது பாதி உண்மை. கடைசியில் சொல்வது தப்பு. இரண்டையும் தனித்தனியாப் பார்க்கலாம்.

முதலில் ஓட்டை. எந்த ஓட்டை? ஆய்வாளர்களிடம் குறைந்தது மூன்று படங்கள் இருக்கு. பெப்டைடுகள் பீப்பாய்ப் பலகை மாதிரி வட்டமாக நின்று நடுவில் குழாய் அமைப்பது ஒன்று. பெப்டைடுகளோடு கொழுப்பு மூலக்கூறுகளும் வளைந்து துளையின் சுவராவது இன்னொன்று. மூன்றாவதில் துளை என்று எதுவும் கிடையாது. பெப்டைடுகள் மேற்பரப்பில் பாய் விரித்த மாதிரி படிந்து, ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் சவ்வு துண்டு துண்டாகச் சிதறும். இந்தப் படங்களுக்கான ஆதாரத்தில் பெரும்பகுதி, ஒன்றிரண்டு வகைக் கொழுப்பை வைத்துச் செய்த செயற்கைக் குமிழிகளில் கிடைத்தது. உயிருள்ள பாக்டீரியாவுக்குச் சுவர் இருக்கு. கிராம்-நெகட்டிவ் வகைக்கு வெளிச்சவ்வு வேறு இருக்கு. குமிழி கசிந்தது என்பதால் மட்டும் பாக்டீரியாவும் அதனால்தான் செத்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கலுக்கு நம்ம நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கு. 1979-ல் ஹைதராபாத்தில் ரெட்டியும் பி. எம். பார்கவாவும் காளையின் விந்துத் திரவத்திலிருந்து செமினல்பிளாஸ்மின் என்ற புரதத்தைப் பிரித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அது ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. அதில் சவ்வு பேசப்படவில்லை. 1990-ல் அதே ஊரின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சீதாராமும் நாகராஜும் அந்தப் புரதத்தின் நீர்வெறுக்கும் பகுதியிலிருந்து 13 அமினோ அமிலம் கொண்ட துண்டைச் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். அது பாக்டீரியாவைக் கொன்றது. ரத்தச் சிவப்பணுவையும் உடைத்தது. சிவப்பணு உடைகிறது என்றால் அங்கே சவ்வுதான் இலக்கு.

முதலில் தப்பாகச் சொன்னார்கள், பிறகு திருத்திக்கொண்டார்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு துண்டு சவ்வை உடைக்கிறது என்பது, முழுப் புரதமும் அப்படித்தான் கொல்கிறது என்பதற்கு நிரூபணம் ஆகாது. 1998-ல் கொரிய ஆய்வாளர்கள் பியூஃபோரின்-2 என்ற பெப்டைடு சவ்வை உடைக்காமலே உள்ளே புகுந்து நியூக்ளிக் அமிலத்தில் ஒட்டுவதைக் காட்டினார்கள். சவ்வு சில பெப்டைடுகளுக்கு இலக்கு, சிலவற்றுக்கு வெறும் வாசல். ‘ஓட்டை’ என்ற ஒற்றைச் சொல் இந்த வித்தியாசத்தை மறைச்சிடுது.

அதைவிட முக்கியமான கேள்வி: பாக்டீரியாவைத் தாக்குவது நம்ம செல்லை ஏன் விடுது? விடை பெரும்பாலும் மின்னேற்றத்தில் இருக்கு. இந்தப் பெப்டைடுகள் பெரும்பாலும் நேர் மின்னேற்றம் உடையவை. பாக்டீரியாவின் வெளிப்பரப்பில் எதிர் மின்னேற்றம் நிறைய. நம்ம செல்லின் வெளிப்பக்கக் கொழுப்புகள் ஏறக்குறைய நடுநிலை. கூடவே கொலஸ்டிராலும் இருக்கு.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கத் தவளைவரை போக வேண்டாம். செராமிக் பேட்டையில் பிளாஸ்டர் அச்சில் ஊற்றக் களிமண் கரைசல் கலக்கிறார்களே, அது போதும். களிமண் துகளின் தட்டையான முகத்தில் எதிர் மின்னேற்றம். கால்சியம் அயனி இரண்டு கையாலும் துகள்களைப் பிடித்து வைத்தால் கரைசல் கட்டிக்கொள்ளும். கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் விட்டால், தண்ணீர் சேர்க்காமலே கூழ் இளகி ஓடும்.

கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலும் எதிர் மின்னேற்றம் கொண்ட கொழுப்புச்சர்க்கரை மூலக்கூறுகளை மெக்னீசியமும் கால்சியமும்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. பெப்டைடு மருந்தான கொலிஸ்டின் வந்து அவற்றைத் தள்ளிவிட்டு உட்காருது. ஒப்புமை இங்கே நிற்கும். களிமண்ணில் பிடிப்புக் குறைந்த சோடியம் கால்சியத்தின் இடத்துக்கு வருது. பாக்டீரியாவில் ஐந்து நேர் மின்னேற்றம் கொண்ட பெரிய மூலக்கூறு இரண்டு கொண்டதை வெளியேற்றுது. பிடிப்பு அயனிகளை நீக்கினால் கட்டு தளரும் என்பதுதான் பொது.

மின்னேற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை அதே ஹைதராபாத் குழு 1992-ல் காட்டியது. அந்த 13-ல் ஒரே ஒரு குளுட்டாமிக் அமிலத்தை எடுத்துவிட்டு லைசீனை வைத்தார்கள். எதிர் போய் நேர் வந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் திறன் கூடியது. சிவப்பணுவை உடைப்பது கூடவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையை அறிமுகப்படுத்த இதைவிடத் தெளிவான பரிசோதனை வேண்டியதில்லை. ‘ஓட்டை’க் கட்டுரைகளில் இதை நான் பார்த்ததில்லை.

இப்ப இரண்டாவது விஷயம். கொல்வதற்கு மின்னேற்றம் தேவை என்றால், பாக்டீரியா தன் மின்னேற்றத்தைக் குறைத்துக்கொண்டால் போதுமே? அதுதான் நடந்தது. 2015-ல் சீனாவில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. அது வெளிச்சவ்வுக் கொழுப்பில் பாஸ்போஎத்தனாலமைனை ஒட்டி எதிர் மின்னேற்றத்தைக் குறைக்கிறது. கொலிஸ்டினுக்குப் பிடி கிடைப்பதில்லை. அந்த மரபணு பிளாஸ்மிடில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும்.

அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. 1987-ல் தவளைத் தோலில் மகைனினைக் கண்டுபிடித்த மைக்கேல் ஸாஸ்லாஃப், 2002-ல் இவற்றுக்கு எதிர்ப்புத்திறன் உருவாவது ஆச்சரியப்படும் அளவுக்கு அரிது என்று எழுதினார். 2006-ல் பெரோன், பெல் ஆகியோருடன் அவரே சேர்ந்து ஒரு பரிசோதனை வெளியிட்டார். மகைனினிலிருந்து உருவாக்கிய பெக்ஸிகனானில் பாக்டீரியாவை 600–700 தலைமுறை வளர்த்தபோது, 24 வரிசைகளில் 22-ல் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. அவர் கைவிட்ட வாதத்தை அறிமுகக் கட்டுரைகள் இன்னும் சுமந்துக்கிட்டிருக்கு.

இது வெறும் எழுத்துக் குறை இல்லை. மற்ற மருந்துகள் கைவிட்டபின் ஐ.சி.யு. நோயாளிக்குப் போடும் கடைசி மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல்தான் போடுகிறார்கள். அதே மருந்து கோழித் தீவனத்திலும் கலக்கப்பட்டது. 2019-ல்தான் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. எதிர்ப்புத்திறன் வராது என்று நம்புகிறவருக்கு அந்தத் தடை ஏன் என்றே புரியாது. முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. செயற்கைக் குமிழியில் பார்த்தார்களா, உயிருள்ள பாக்டீரியாவிலா? நம்ம செல்லுக்கு என்ன ஆகும் என்று சோதித்தார்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ‘ஓட்டை’ மட்டும் இருந்தால், அது இன்னும் எழுதி முடிக்காத கட்டுரை.