ஒறமொற

விட்ஃபீல்ட் லோவெல், 1959இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கறுப்பின ஓவியர். 2008க்கும் 2011க்கும் இடையே அவர் வரைந்த ஓவிய வரிசைக்குக் ‘கின்’ என்று பெயர். நம்ம பேச்சில் ‘ஒறமொற’. பாஸ்போர்ட், போலீஸ் கோப்பு என்று எங்கெங்கோ மிஞ்சிக் கிடந்த, பெயரற்ற கறுப்பர்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்துக் காகிதத்தில் கான்டே குச்சியால் வரைந்தவை. அச்சில் வந்த படங்களை வைத்தே பேசுகிறேன்.

தலையும் கழுத்தும் மட்டும். தோள் இல்லை, பின்னணி இல்லை. இமையோரம், உதட்டு மடிப்பு எல்லாம் மூச்சு பட்டால் கலைந்துவிடும் போல அவ்வளவு மெல்லிசு. ஒவ்வொரு முகத்தோடும் ஒரு பழைய பொருள். ஒன்றில், கயிற்றில் கோத்த சின்னச்சின்ன அமெரிக்கக் கொடிகள். முகம் எதுவும் பேசவில்லை; கொடிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைக் ‘கடந்தகால ஏக்கம்’ என்று பாராட்டிவிட்டுப் போவது சுலபம். வீடும் தோட்டமும் இருந்து போனவர்கள் ஏங்கலாம். 1999இல் டெக்சாஸின் டென்டன் நகரில் லோவெல் பலகைச் சுவர்களால் ஒரு வீட்டையே எழுப்பி, அதில் கரியால் கறுப்பர்களை வரைந்தார். அவ்வூரில் குவேக்கர்டவுன் என்றொரு கறுப்பர் குடியிருப்பு இருந்தது. 1920களின் தொடக்கத்தில் பூங்கா அமைக்க வேண்டுமென்று அதைக் காலிசெய்தார்கள். புறம்போக்கு என்று சொல்லி நம்ம குடிசையைப் பிடுங்குவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

நமக்கும் பழைய படங்கள் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இருக்கின்றன. பெரும்பாலும் ஆளின் பெயர் கிடையாது, சாதிப்பெயர்தான் உண்டு. மூக்கை அளந்து மனிதரை வகைப்படுத்திய ஆராய்ச்சி அது. எங்க அம்மாச்சிக்கு இருந்த ஒத்தப் போட்டோவும் வாக்காளர் அட்டைக்கு எடுத்ததுதான். செத்த பெறகு அதைப் பெரிசாக்கித்தான் மாலை போட்டோம். ஆக, அரசாங்கம் தன் தேவைக்கு எடுத்த படமே நம்ம குடும்பப் படமாகிறது. லோவெல் செய்வதும் இதைத்தான்: கோப்பிலிருந்து முகத்தை மீட்டுச் சொந்தக்காரரிடம் சேர்க்கிறார்.

ஆனாலும் எனக்கொரு கேள்வி இருக்கிறது தோழர்களே. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கைதி எண்ணையும் கோப்பையும் வெளியே விட்டுவிட்டால், அடைத்தவனும் சேர்ந்தே தப்பித்துப் போய்விடுகிறானே? எண்ணை நீக்குவது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை. அதே செயல் சாட்சியத்தையும் நீக்குகிறது. கோடு அழகாக அழகாக இந்தச் சிக்கல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கொடி மாதிரியான பொருள்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. எல்லா இடத்திலும் அல்ல.

நம்ம ஓவியர்கள் தர்ஸ்டனின் படங்களைக் கையிலெடுக்க வேண்டும். பென்சிலும் காகிதமும் போதும். வரையும்போது கீழே அச்சிட்டிருக்கும் சாதிப்பெயரை விட்டுவிடலாம். மூக்கை அளந்த கருவியை மட்டும் விடாமல் வரைய வேண்டும்.