புருவத்தையும் பாருங்கள்

'கோடா' (2021) படத்தை ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட்டு, மறுமுறை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். மாசசூசெட்ஸ் கடலோரத்தில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது. மகள் ரூபிக்குக் கேட்கும், பாடவும் வரும்.

கைகளோடு புருவத்தையும் கவனியுங்கள். அமெரிக்கச் சைகை மொழியில் 'வர்றியா, இல்லையா' என்று கேட்டால் புருவம் ஏறும். 'ஏன்', 'எங்கே' என்றால் சுருங்கும். முகமும் இலக்கணம்தான். அப்பா, அம்மா, அண்ணனாக நடித்த ட்ராய் கோட்சர், மார்லி மேட்லின், டேனியல் டுரான்ட் மூவருமே காது கேளாதவர்கள் என்பதால், இந்தக் குடும்பம் சண்டை போடும்போது ஒருவர் சைகைமேல் இன்னொருவர் சைகை பாய்கிறது. கெட்ட வார்த்தை சரளமாக வருகிறது. படத்துக்காகச் சைகை கற்றவர்களிடம் இந்தச் சரளம் வருவது அபூர்வம். இதன் மூலமான 2014 பிரெஞ்சுப் படத்தில் பெற்றோராக நடித்தவர்கள் காது கேட்பவர்கள். இங்கே அப்படிச் செய்தால் விலகிவிடுவேன் என்று மேட்லின் உறுதியாக நின்றார். அந்த உறுதிதான் கோட்சருக்கு ஆஸ்கர் வரை வழிவிட்டது.

பிறகு கேமரா. முகத்துக்கு மிக நெருங்கினால் கைகள் வெளியே போய்விடும். பேசுகிறவரின் வாயைப் பொத்தியது மாதிரி ஆகிவிடும். சைகை ஓடும்போது ஷாட் எங்கே வெட்டப்படுகிறது என்று பாருங்கள், படக்குழு அந்த மொழியை மதித்ததா என்பது தெரிந்துவிடும்.

பள்ளிக் கச்சேரியில் ரூபி பாடும்போது ஒலி சட்டென்று நின்றுவிடுகிறது. அப்பா சுற்றியிருப்பவர்களின் முகங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார். அன்றிரவு மகளைப் பாடச் சொல்லி, அவள் தொண்டையில் கைவைத்துக் கேட்கிறார். இங்கே இயக்குநர் ஷான் ஹேடர் நம்மை அப்பா இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகிறார். பரிதாபப்பட அவகாசமே கிடைப்பதில்லை.

மேட்லின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வென்ற 1986ஆம் ஆண்டுப் படம் 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்'. அதில் அவர் சைகையில் சொன்னதையெல்லாம் உடன் நடித்த வில்லியம் ஹர்ட் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். 'கோடா'வில் வீட்டுக்குள் நடக்கும் பேச்சுக்கு வசன வரி மட்டும்தான்.

இந்தக் கண்ணோடு நம் 'மொழி'யையும் (2007) மறுபடி பாருங்கள். காது கேளாத பெண்ணாக ஜோதிகா உயிரைக் கொடுத்து நடித்த படம். அதே பாத்திரத்தில் காது கேளாத தமிழ்ப்பெண் ஒருத்தி நடித்திருந்தால், சண்டை போடும் இடங்களில் அந்தக் கைகள் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இன்றும் நம் தியேட்டரில் ஓடும் பெரும்பாலான தமிழ்ப் படங்களில் தமிழ் வசன வரி கிடையாது. அப்படி ஒரு காது கேளாத பெண் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தாலும் பாதிப் படம்தான் அவளுக்குக் கிடைக்கும்.