ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சொல்

விளக்கு அணைந்தால் "கரண்ட் போச்சு" என்கிறோம். திரும்ப எரிந்தால் பிள்ளைகள் தெருவே அதிரக் கூவுகிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டியின் நாவிலும் கூச்சமில்லாமல் குடியேறிவிட்ட இந்தச் சொல், ஆங்கிலத்தில் மின்சாரத்துக்கு முன்னே தண்ணீருடையதாக இருந்தது. ஆற்றின் மேற்பரப்பு கண்ணாடியாகக் கிடக்கும்போதும், முழங்காலைத் தழுவி மெல்ல இழுக்கிறதே, அந்த நீரோட்டத்தின் பெயர் அது.

லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் இறங்கிய அந்த வேரைச் சுற்றி எத்தனை அழகான உறவுகள்! கணினித் திரையில் கண்சிமிட்டும் கர்சர், லத்தீனில் ஓட்டக்காரன். பேனா தாளைவிட்டு எழாமல் வழிந்து செல்லும் கர்சிவ் எழுத்து, ஓடுகிற கை. கதவைத் தட்டும் கூரியர்காரரும் இதே குடும்பம்தான். கேக்கில் போடும் கரண்ட் திராட்சை மட்டும் உறவில்லை. அது கிரேக்கத்தின் கொரிந்து நகரப் பெயரிலிருந்து வந்தது.

ஆற்றுக்குரிய சொல் கம்பிக்குள் நுழைந்த இடத்தில்தான் என் மனம் நெடுநேரம் நின்றுவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் பலர் மின்சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவமாகவே எண்ணினார்கள். ஆனால் அவர்கள் தேய்த்துத் திரட்டிய மின்சாரம், சட்டென்று ஒரு பொறி தெறித்ததும் தீர்ந்துபோகும். 1800இல் இத்தாலியரான வோல்ட்டா, இரு வேறு உலோக வில்லைகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்த தம் அடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் மின்சாரம் தொடர்ந்து ஓடியது. தெறித்து மறைந்தது, ஓடை ஆயிற்று. ஓடுவதற்கு ஓடுவதன் பெயர்தானே பொருந்தும்? தமிழும் 'நீரோட்டம்' பக்கத்திலேயே 'மின்னோட்டம்' என்ற சொல்லை உட்காரவைத்தது. அந்தச் சொல்லில் இன்னும் ஈரம் இருக்கிறது.

இதிலும் ஒரு நுட்பம். நம் வீட்டுக் கம்பியில் வருவது மாறுமின்னோட்டம். அதனுள் எலெக்ட்ரான்கள் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக, ஊஞ்சல்போல், கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே ஆடுகின்றன. ஊர் போய்ச் சேராத அந்த ஆட்டத்துக்கும் ஓட்டம் என்றே பெயர்.

கம்பிக்குள் மட்டுமல்ல, 'கரண்ட்' என்ற சொல் காலத்துக்கும் போனது, காசுக்கும் போனது. கரண்ட் அஃபேர்ஸ், கரண்ட் அக்கவுண்ட், கரன்சி. இங்கே தமிழ் செய்திருப்பதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நடப்பு நிகழ்வுகள், நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு. ஆங்கிலம் ஓடுகிற இடத்தில் தமிழ் நடக்கிறது! பரபரப்பில்லாமல், வரப்பில் வருபவரைப்போல வந்துகொண்டிருக்கும் காலம். எனக்கு இந்த நடையே கூடுதல் இனிமை.

காசையோ நாம் 'செல்ல' வைத்தோம். கிழிந்த பத்து ரூபாய் நோட்டைப் பேருந்து நடத்துநர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் ஒருமுறை நீவிவிட்டு, திருப்பி நீட்டுகிறார்: "இது செல்லாதுங்க, வேற குடுங்க."