‘அட்டகாசம்’ என்னும் தலைப்புச் சொல்

கம்பம் பள்ளத்தாக்கில் யானை தோப்புக்குள் இறங்கினால், மறுநாள் செய்தித் தலைப்பில் ‘அட்டகாசம்’ இறங்கிவிடுகிறது. நூறு வாழை சாய்ந்தாலும் அதே சொல்தான், ஒரு தென்னையின் குருத்தை உருவித் தின்றாலும் அதே சொல்தான்.

இதில் ஒரு நியாயம் உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து வளர்த்த வாழை, தார் வெட்டும் நேரத்தில் ஒரே இரவில் படுத்துவிட்டால் விவசாயிக்குக் கடன்தான் மிச்சம். ‘வனவிலங்கு நடமாட்டம்’ என்ற அரசு நடையில் அந்த இழப்பு தெரியவே தெரியாது. ‘அட்டகாசம்’ அதை உரக்கச் சொல்கிறது.

ஆனால் யாரைக் குற்றவாளி ஆக்குகிறது? வடமொழியில் பெருஞ்சிரிப்பைக் குறித்த சொல், தமிழில் அடாவடிக்காரனின் ஆட்டத்துக்குப் பெயராயிற்று. அதற்குள் திமிர் இருக்கிறது, பிறரை மிரட்டும் எண்ணம் இருக்கிறது. பசித்து வந்த விலங்கின் மேல் இந்த எண்ணத்தை ஏற்றுவது தவறு. ‘துவம்சம்’ என்ற சொல் அப்படியல்ல, நடந்த அழிவைச் சொல்வதோடு நின்றுகொள்கிறது.

அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. அங்கே யானைகள் புழங்கிய நிலத்தில்தான் 301 காலனி என்ற குடியிருப்பு உருவானது. 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை அரிக்கொம்பனுக்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது. யானை பழக்கமில்லாத காட்டில் அலைந்து, மேகமலைப் பக்கம் சுற்றி, மே 27 அன்று கம்பம் நகருக்குள் வந்தது. தெருவில் கூட்டம் துரத்தியது. ஆட்டோ ஒன்று நொறுங்கியது. யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அவர் குடும்பத்தின் துயரம் எந்த வாதத்தாலும் குறையாது. ஜூன் 5 அன்று யானையை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். இத்தனை இடமாற்றத்தையும் முடிவு செய்தவர்கள் மனிதர்கள். ‘அரிக்கொம்பன் அட்டகாசம்’ என்ற இரண்டு சொற்களில் அவர்கள் யாருமே இல்லை.

செய்தியாளர்களே, எந்த ஊர்த் தோப்பு, எத்தனை மரம், இழப்பீடு கிடைத்ததா, யானை ஏன் அந்த வழியாக வந்தது என்று எழுதுங்கள். துவம்சம் நடந்திருந்தால் துவம்சம் என்றே எழுதுங்கள். அட்டகாசத்தை யானையின் தலையில் கட்ட வேண்டாம்.