கலா (இசைத்தொகுப்பு)

கலா என்பது எம்.ஐ.ஏ. என அறியப்படும் பிரித்தானியத் தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் இரண்டாவது இசைத்தொகுப்பு. 2007 ஆகத்தில் வெளியானது. அவ்வாண்டின் சிறந்த தொகுப்புகளின் வரிசையில் ரோலிங் ஸ்டோன் இதழ் இதற்கு முதலிடம் அளித்தது.

தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய முதல் தொகுப்பு அருளர் (2005), ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னிசைக் கருவியை நம்பி எழுந்தது, இறுக்கமானது. தாயின் பெயர் கொண்ட கலாவோ அலைந்து சேர்த்தது. விசா சிக்கலால் அமெரிக்காவில் பதிவுசெய்யும் எண்ணம் கைகூடாமல், இந்தியா, டிரினிடாட் எனப் பல நாடுகளில் உருவானது.

பெரும் புகழ் பெற்றது 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல்தான். ஆனால் அதன் அடிப்படை மெட்டு தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. தொகுப்பின் சொந்தச் சாதனை, உறுமி ஒலிக்கும் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய இரண்டுமே.

உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். மறுமுகத்தை நேரான குச்சியால் அடிப்பர். தேய்ப்பில் எழும் முனகல் ஒரு சுரத்தில் நில்லாமல் வழுக்கிச் செல்லும். சிந்தசைசரில் தாழ்வொலியை வளைக்க மின்னிசைக் கலைஞர்கள் படும் பாட்டை இத்தோற்கருவி இயல்பாகவே செய்துவிடுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் உறுமி மேளம் கேட்டவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்விரு பாடல்களிலும் உறுமி மேற்பூச்சு அன்று. அதை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை.

'ஜிம்மி' அப்படியன்று. டிஸ்கோ டான்சர் (1982) படத்துக்காகப் பப்பி லஹிரி இசையமைத்த பாடலின் மறுவடிவமான அது, மூலத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை.