செலவழிப்பவருக்கே திறக்கும் லவுஞ்ச்

அதிராம்பட்டினத்துக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜுலா', 'சிதம்பரம்' கப்பல்கள் ஓடிய காலத்திலேயே டெல்டாக்காரர்கள் கடல் கடந்தவர்கள். இன்று துபாய், கோலாலம்பூர் என்று பிழைக்கப் போகும் அதிராம்பட்டினத்தார், ஊர்ப் பேச்சில் 'சபுராளிகள்', 100 கிலோமீட்டருக்கு மேல் சாலைவழி வந்து திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். ஆண்டுக்கணக்காகப் பறந்தும் அவர்களில் பலருக்கு விமான நிலைய லவுஞ்ச் வாய்ப்பதில்லை.

லவுஞ்ச் நல்ல ஏற்பாடுதான். கொழும்பில் அடுத்த விமானத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் சாய்வதற்கு ஓர் இருக்கையும் சூடான சாப்பாடும் எவ்வளவு பெரிய உதவி! குறை, யாரை உள்ளே விடுவது என்ற கணக்கில் இருக்கிறது.

1939இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நியூயார்க்கில் முதல் லவுஞ்சைத் தொடங்கியபோது அது நிறுவனத்துக்கு வேண்டியவர்களுக்கான இடம். அதே நிறுவனம் 1981இல், பறந்த தூரத்துக்கு மைல் புள்ளிகள் தரத் தொடங்கியது. இந்தியாவிலோ லவுஞ்சின் சாவி வங்கிகளிடம் போய்ச் சேர்ந்தது. கார்டைத் தேய்த்து 2 ரூபாய் கழிந்தால் போதும் என்றதும் வாசலில் வரிசை நீண்டது. வங்கிகள் பிடியை இறுக்கின. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் அனுமதி என்று பல கார்டுகளுக்கு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ஆனது. எத்தனை முறை பறந்தார் என்ற கேள்வியே அங்கில்லை.

இந்த இலவசத்துக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். வருடக் கட்டணமும் வட்டியும் ஒரு பக்கம். கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம் இன்னொரு பக்கம். கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றினால், ரொக்கம் கொடுப்பவரும் சேர்ந்தே சுமக்கிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 2010 ஆய்வு, அமெரிக்காவில் ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் கார்டுக்காரர்கள் பக்கம் போகிறது என்று மதிப்பிட்டது. அந்தத் தொகை இங்கே அப்படியே பொருந்தாது. பணம் போகும் திசை அதேதான்.

மைல் புள்ளிகளும் சபுராளிக்குக் கைகொடுப்பதில்லை. எந்த விமானத்தில் டிக்கெட் மலிவோ அதில் ஏறுபவருக்குப் புள்ளிகள் நாலா பக்கமும் சிதறுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்றாண்டில் காலாவதியாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்புகிறவர் எப்போது சேர்த்து, எப்போது அனுபவிப்பது?

2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் 10 ரூபாய்க்குத் தேநீர் தரும் உடான் யாத்ரி கஃபே திறந்தது. கார்டு வைத்திருக்கிறாயா என்று கேட்காத சலுகை அது. திருச்சிக்கும் அதுவே முதல் தேவை. விமான நிறுவனங்கள் அடிக்கடி பறப்பவரை உண்மையிலேயே மதிப்பதென்றால், வளைகுடா வழித்தடத்தில் ஒவ்வொரு ஐந்தாவது பயணத்துக்கும் 5 கிலோ கூடுதல் பெட்டிச் சுமை தரலாம். பிள்ளைகளுக்கு வாங்கிய சாமான்களை எடை மேடையருகே பிரித்து அடுக்கும் சபுராளிக்கு, எந்த லவுஞ்சையும்விட அந்த 5 கிலோ பெரிது.