முந்தி வாசிக்கும் சிறாரும் நூல் தேர்வும்: மொழிக்கடுமை, வாழ்வனுபவம் என்னும் இரு அளவைகள்

தமிழில் சிறார் நூல்கள் வாசிப்புப் படிநிலையை ஒட்டியோ அகவையை ஒட்டியோ வகுக்கப்படுகின்றன. பிரதம் புக்ஸ் தன் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற எனப் பெயர் பெற்றுள்ளன. எழுத்துக்கூட்டித் தடுமாறும் குழந்தைக்கு இப்பகுப்பு பெரிதும் உதவுவது. ஆயின் பத்து அகவைக்குள் இப்படிகளைக் கடந்துவிடும் சிறாருக்கு 'பற' என்பதற்கு அப்பால் திசை காட்டப்படவில்லை. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 9 முதல் 16 அகவை வரையிலான வாசகர்க்குரிய நூல்களை ஒரே வகையில் அடக்குகிறது. அவ்விரு எல்லைகளுக்கும் இடையில் ஒரு மனிதரின் வாசிப்பு முழுவதுமே மாறிவிடக்கூடும்.

இவ்வெற்றிடத்தைப் பல வீடுகளில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நிரப்புகிறது. 1950இல் தொடங்கி வார இதழில் தொடராக வந்த இந்நாவல், அடுத்த இதழுக்குக் காத்திருக்கும் வாசகரை நோக்கி எழுதப்பட்டது. எனவே வாக்கியம் எளிது. அத்தியாயம்தோறும் ஒரு முடிச்சு உண்டு. ஐந்து பாகங்களையும் முடித்த சிறுவனின் வேகம் வியப்புக்குரியதே. ஆயினும் அது நீளத்தைத் தாங்கும் ஆற்றலுக்கே சான்று. ஆழத்தைத் தாங்கும் ஆற்றலைத் தனியே அறிய வேண்டும். அடுத்து அவன் கைக்கு வருவது பெரும்பாலும் சாண்டில்யன். வரலாற்று நாவல் என்னும் வகைப்பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வாசகர்க்குரியவை எனப் பெரியவர்கள் கருதிவிடுகின்றனர். சாண்டில்யனின் சிருங்கார வருணனைகள் வளர்ந்த வாசகரை எண்ணி எழுதப்பட்டவை என்பது வகைப்பெயரில் தெரிவதில்லை.

மொழிக்கடுமையும் அனுபவக்கடுமையும் உடன்செல்பவை அல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) சொல்லளவில் ஏழாம் வகுப்பு மாணவருக்கும் எட்டக்கூடியது. சிகந்தராபாத்தில் வளரும் சந்திரசேகரனின் கிரிக்கெட்டும் நண்பர்களும் அவ்வாசகரை எளிதில் ஈர்க்கும். ஆனால் நாவல் சென்று முடியும் இடம், கலவரத்தினிடையே ஓர் இளம்பெண் தன் குடும்பத்தைக் காக்கத் தன்னையே ஒப்புக்கொடுக்க முன்வரும் காட்சி. எளிய சொற்களே அக்காட்சியைத் தாங்க இயலாததாக்குகின்றன. மறுதலையாக, உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' சொல்லாலும் செய்தியாலும் கடினமானது. அந்தாதி, பிரபந்தம், ஆதீனம் என அடிக்கடி நின்று விளக்கம் தேட வைப்பது. அதன் அடிப்படை அனுபவமோ பன்னிரண்டு அகவையினர் நன்கறிந்த ஒன்று: கற்பிக்கத்தக்க ஆசிரியர் கிடைக்கவில்லையே என்னும் ஏக்கம். 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரும்வரை அவ்வேக்கம் நீள்கிறது. வயதை மீறிக் கற்க விரும்பும் சிறாருக்குத் தமிழில் இதனினும் நெருங்கிய துணைநூலைக் காண்பது அரிது. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. இளமைக்கால அத்தியாயங்களோடு தொடங்குதல் போதும்.

திண்ணைப் பள்ளிகளில் பொருள் விளங்கும் முன்பே நிகண்டும் நீதிநூலும் மனப்பாடம் செய்விக்கப்பட்டன; ஆகவே தகுதி பார்த்து நூல் கொடுப்பது வீண் எனச் சிலர் வாதிடலாம். அம்முறையில் பொருளைப் பின்னர் விளக்க ஆசிரியர் அருகிருந்தார். மாணவன் கொள்ளும் வகையறிந்து கற்பிப்பதை நன்னூலின் பொதுப்பாயிரமும் ஆசிரியர்க்குரிய கடமையாக வைக்கிறது. இன்றைய சிறார் வாசகர் பெரும்பாலும் தனித்தே வாசிக்கிறார். நூலைத் தேர்ந்தளிப்பவர் அதனைத் தாமே வாசித்திருத்தல் இதனால் கட்டாயமாகிறது.

தமிழுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. 'முந்தி வாசிப்பவர்' என்று ஒரு சிறுமியை அடையாளங்காண்பது பாடநூலின் எழுத்துத் தமிழை அளவுகோலாகக் கொண்டே. அவ்வளவில் தேறிய சென்னைச் சிறுமி, கரிசல் சிறுவனின் உலகைச் சொல்லும் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' குறுநாவலில் வட்டாரச் சொற்களிடையே தயங்கி நிற்கலாம். கோவில்பட்டிப் பக்கத்தில் பாடநூலை மெதுவாக வாசிப்பதாக மதிப்பிடப்பட்ட சிறுவன் அதைத் தன் வீட்டுப் பேச்சாகவே கேட்கக்கூடும். படிநிலைப் பட்டியலில் அவன் பெயர் இன்னும் 'நட' என்னும் நிலையிலேயே இருக்கும்.